முதல் கருவி சுண்ணாம்பு!

இணையக் கடைகளில் ‘ஹோம் புரூயிங் கிட்’ என்று தேடினால் ஓர் அட்டைப்பெட்டியின் படம் வரும். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி, மூடியில் செருகும் வளைந்த சிறு குழாய், திரவத்தில் மிதக்கவிட்டு இனிப்பை அளக்கும் கண்ணாடி மானி, வெப்பமானி, ரப்பர் டியூப், பாத்திரங்களைக் கிருமி நீக்கம் செய்யும் பொடி, ஒரு பாக்கெட் ஈஸ்ட். வீட்டிலேயே பீர் தயாரிக்க ஆசைப்படும் புதியவருக்கான தொடக்கப் பெட்டி இது.

பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்த வழியைத் திறந்துவிட்டது. அங்கெல்லாம் இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. தமிழ்நாட்டில் அதே பெட்டியைப் பிரித்து வேலையைத் தொடங்கினால் அது குற்றம். 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் இங்கே நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் மது தயாரிப்பது வீட்டுக்குள் நடந்தாலும் தண்டனைக்குரியதுதான்.

ஆனால், ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வழியாக மண்டபம் போகிறவர்கள் சாலையின் இரண்டு பக்கமும் இன்னொரு ‘கிட்’டைப் பார்த்திருப்பார்கள். அது பெட்டிக்குள் இல்லை. பனை உச்சியில் கயிறு கட்டித் தொங்குகிறது. ஒரு மண் கலயம். அதற்குள் தடவிய சுண்ணாம்பு. புளிக்க வைப்பது என்றால் என்ன, புளிக்காமல் காப்பது என்றால் என்ன என்ற இரண்டு பாடத்தையும் இந்தக் கலயம் நடத்திவிடும். கற்றுக்கொள்ளச் சட்டமும் குறுக்கே நிற்காது.

ஒரே பாளை, இரண்டு பானம்

பனையின் பாளையைச் சீவினால் சொட்டும் சாறு, சொட்டும்போது வெறும் இனிப்பு நீர்தான். நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு பங்கு சர்க்கரை அதில் இருக்கும். காற்றில், பாளையின் மேல்தோலில், பழைய கலயத்தின் நுண்துளைகளில் என்று எங்கும் ஈஸ்ட் காத்திருக்கிறது. சாறு கலயத்தில் விழுந்த சில மணி நேரத்திலேயே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். ஆல்கஹாலும் கரியமில வாயுவும் உண்டாகும். நுரை பொங்கும். புளிப்பு ஏறும். விடிவதற்குள் அது கள். ஆல்கஹால் சுமார் 4 முதல் 6 சதவீதம் வரை ஏறிவிடும். மேலும் ஓரிரு நாள் விட்டால் வேறு பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்து ஆல்கஹாலைப் புளிக்காடியாக, அதாவது வினிகராக மாற்றிவிடும்.

அதே பாளை, அதே கலயம். உள்பக்கம் மட்டும் சுண்ணாம்பு பூசியிருந்தால் கதையே வேறு. ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் புளிப்பான இடம்தான் பிடிக்கும். சுண்ணாம்பின் காரம் அதைத் தலையெடுக்க விடாது. காலையில் கலயத்தை இறக்கும்போது உள்ளே இருப்பது பதநீர். குழந்தைக்கும் கொடுக்கலாம்.

புளித்தல் என்பது நுண்ணுயிர்களின் வேலை என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் நிறுவியது 1850-களின் இறுதியில். நுண்ணுயிர் என்ற சொல்லே கேள்விப்படாத பனையேறிகள், எதைத் தடவினால் சாறு புளிக்காது என்பதை அனுபவத்திலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

சட்டத்தின் கோடும் இந்தச் சுண்ணாம்பு வழியாகத்தான் ஓடுகிறது. ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. 1971-ல் விலக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே திரும்பவும் வந்தது. 1981-ல் மறுபடி கடைகள் திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. கள்ளுக்கான அந்தத் தடை இன்றுவரை தொடர்கிறது. நீக்க வேண்டும் என்ற குரல்களும் கூடவே தொடர்கின்றன. புளிக்காத பதநீருக்குத் தடை இல்லை.

அப்படியானால் ஒரு பனையேறியின் பிழைப்பு எதில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வெயில் கடுமையான ஒரு நாளில் சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்துபோனால், அவர் மரத்திலிருந்து இறக்குவது பாதி புளித்த சாறு. அவர் கண்ணுக்கு அது வீணாய்ப்போன பதநீர். சோதனைக்கு வருகிறவர் கண்ணுக்கு அது கள். சந்தேகம் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மரத்தில் ஏறியவர்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும் கலயம்தான் அவருக்கு முதல் சாட்சி.

மண்டபத்திலிருந்து பாக் நீரிணையைத் தாண்டினால் யாழ்ப்பாணம். அங்கேயும் இதே பனை, இதே பாளை. சட்டம் மட்டும் வேறு. கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளை வாங்கி விற்கின்றன. வடமராட்சியில் திக்கம் என்ற ஊரில் பனஞ்சாராய வடிசாலையே இருக்கிறது. 1978-ல் இலங்கை அரசு பனை அபிவிருத்திச் சபையை அமைத்தது. அங்கேயும் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அதற்குத் தனிப் பெயர் உண்டு: கருப்பணி. கடலுக்கு இரண்டு கரையிலும் இனிப்புக்கும் போதைக்கும் நடுவே நிற்பது சுண்ணாம்பு பூசிய கலயம்தான்.

கலயமும் சுண்ணாம்பும்

பீர் பெட்டியோடு வரும் கையேட்டில் முதல் பக்கமே சுத்தத்தைப் பற்றித்தான் இருக்கும். வாளி, குழாய், கரண்டி, கை எல்லாவற்றையும் கிருமி நீக்கிய பிறகே வேலை தொடங்க வேண்டும். வேண்டாத நுண்ணுயிர் உள்ளே புகுந்தால் மொத்தமும் வீண். பதநீருக்கும் அதே விதிதான். இங்கே ஈஸ்ட்டே வேண்டாத விருந்தாளி என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மண் கலயத்துக்கு ஒரு நல்ல குணமும் ஒரு கெட்ட குணமும் உண்டு. நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருப்பது குளிர்ச்சியாக இருக்கும். அதே நுண்துளைகளில் நேற்றைய ஈஸ்ட்டும் ஒளிந்துகொள்ளும். அதனால் ஒரு முறை புளித்த கலயத்தைச் சும்மா அலசிவிட்டு மாட்டக் கூடாது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலிலும் அனலிலும் காட்டி உலர்த்திய பிறகே சுண்ணாம்பு பூச வேண்டும்.

ஈரச் சுண்ணாம்பை உள்பக்கம் முழுக்க, அடிப்பகுதியில் சற்றுக் கூடுதலாக, விரலாலோ மட்டைத் தூரிகையாலோ தடவ வேண்டும். குறைந்தால் புளிக்கும். கூடினால் பதநீர் நாக்கைச் சுடும். காய்ச்சும்போது கருப்பட்டி கறுத்து ருசி கெடும். அளவுகோல் எதுவும் கிடையாது. வெயில் ஏற ஏறப் பூச்சு கனமாக வேண்டும் என்பதுதான் கணக்கு.

எந்தச் சுண்ணாம்பு? வெற்றிலைக்குப் போடும் தரமான கிளிஞ்சல் சுண்ணாம்பு போதும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் வேறு பொருள் கலந்திருக்கலாம், அது வேண்டாம். மண்டபம் கரையில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. முன்பெல்லாம் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுதானே என்று எடுத்துச் சுட நினைத்தால், பதநீரைவிட்டுவிட்டு வேறு வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கலயத்தின் வாயை மூட ஒரு வலையோ ஓலைத் தடுப்போ நல்லது. எறும்பு, வண்டு விழாமல் இருப்பது ஒரு பக்கம். பங்களாதேஷில் பழந்தின்னி வௌவால்கள் வாய்வைத்த ஈச்சமரச் சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நிபா வைரஸ் பரவியது மருத்துவர்கள் பதிவு செய்த உண்மை. அங்கே சாறு வடியும் இடத்தை மூங்கில் தட்டியால் மறைக்கச் சொல்கிறார்கள். பனைக்கும் அந்த முன்யோசனை கெடுதல் செய்யாது.

இறக்கிய பதநீரை வடிகட்டப் பன்னாடை இருக்கிறது. மட்டையடியில் வலை பின்னியது போல இருக்கும் நார்தான் அது. நல்லதைக் கீழே விட்டுவிட்டுத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான், நல்ல விஷயம் எதையும் மனதில் வைக்காதவரைத் திட்டவும் அந்தச் சொல் பயன்படுகிறது.

அடிமரத்திலிருந்து பாளை வரை

பனையேறியின் கையிருப்பு சின்னது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேலை துல்லியம்.

முருக்குத்தடி: அடிமரத்தில் சாய்த்து வைத்து முதல் எட்டு எடுத்து வைக்க உதவும் தடி. பனையின் அடி பருமனாக இருக்கும், கைக்கு அடங்காது. அந்த முதல் சில அடிகளைத் தாண்டத்தான் இது.

தளைநார்: இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் நார் வளையம். கால் மரத்தை விட்டு விலகாமல் பிடிப்புக் கொடுக்கும்.

பாளை அரிவாள்: பாளையின் நுனியை மெல்லிய தாளைப் போலச் சீவும் அரிவாள். வேறு எந்த வேலைக்கும் இதை எடுக்க மாட்டார்கள். மரப்பலகையில் பொடிக்கல்லைத் தூவித் தினமும் தீட்டுவார்கள். முனை மழுங்கினால் பாளை நசுங்கும். நசுங்கிய பாளையில் சாறு அடைபடும்.

கடிப்பு: பாளையை இதமாக நெரித்துச் சாறு ஊறவைக்கும் மர இடுக்கி. ஆண் பனையின் பாளைக்கு ஒரு வகை, பெண் பனையின் பாளைக்கு வேறு வகை. ஆண் பனையை அலகுப்பனை என்றும் பெண் பனையைப் பருவப்பனை என்றும் சொல்வார்கள். இரண்டிலும் பதநீர் இறக்கலாம். ஆனால் பருவப்பனையில் பதநீர் எடுத்தால் அந்தப் பாளையில் நுங்கு கிடையாது.

இவற்றோடு அரிவாள்களை வைக்க இடுப்பில் கட்டும் பெட்டி, சுண்ணாம்புக்கு ஒரு சின்னக் கூடு, நெஞ்சு உரசாமல் இருக்க ஒரு தோல், பதநீரை ஊற்றி இறக்க ஒரு குடுவை. இவ்வளவுதான்.

பார்க்கக் குறைவாக இருக்கிறதே என்று நினைத்துப் புதியவர் மரத்தில் கை வைத்துவிடக் கூடாது. பனை 30 மீட்டர் வரை வளரும். அதாவது பத்து மாடி உயரம். பாளையைச் சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டும். இருபது மரம் எடுத்தவர் ஒரு நாளில் நாற்பது முறை ஏறி இறங்குகிறார். சீசன் முடியும்வரை லீவு கிடையாது. ஒரு நாள் தவறினால் பல நாள் பக்குவம் பண்ணிய பாளை போய்விடும்.

அதனால் முதல் சீசனில் புதியவரின் இடம் மரத்தடி. அரிவாள் தீட்டுவது, கலயம் கழுவுவது, சுண்ணாம்பு பூசுவது, பதநீர் வடிகட்டுவது. மேலே ஏறும் நாள் வரும்போது, அனுபவமுள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இருக்க வேண்டும். இப்போது மரமேறும் இயந்திரங்களும் கிடைக்கின்றன. தென்னைக்கென்று செய்தது எல்லாம் பனைக்குப் பொருந்தாது. அடிமரத்தின் பருமனும் சொரசொரப்பும் வேறு. வாங்கும் முன் பனையில் மாட்டி ஏறிக் காட்டச் சொல்வது நல்லது.

விடிலியில் நடக்கும் வேலை

பதநீர் நீண்ட நேரம் தங்காது. சுண்ணாம்பு புளிப்பதைத் தள்ளிப்போடுமே தவிர, ஒரேயடியாக நிறுத்தாது. குடிக்க விற்றது போக மிச்சத்தை அன்றே காய்ச்சியாக வேண்டும். பனங்காட்டுக்குள்ளேயே ஓலை வேய்ந்த குடிசை போட்டுக் காய்ச்சும் இடத்தை விடிலி என்பார்கள். சாயல்குடிப் பக்கம் சீசனில் குடும்பத்தோடு விடிலியில் தங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஏறுவது ஆணின் வேலை என்றால் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்ணின் வேலை. காய்ந்த மட்டையும் சில்லாட்டையும் எரியும் அடுப்பின் முன்னால், புகையில், பல மணி நேரம். கருப்பட்டியின் விலையில் இந்த உழைப்பு சரிபாதி.

காய்ச்சக் காய்ச்சப் பதநீர் பொங்கும், நிறம் மாறும், பாகாகும். கம்பிப் பதத்துக்கு முன்னால் கெட்டியான தேன் போல இருக்கும் நிலைதான் கூப்பனி. இன்னும் இறுகியதும் இறக்கித் துடுப்பால் கிண்டி, சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. எட்டு முதல் பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி கிடைத்தால் நல்ல வரவு.

கள் இறக்க முடியாத பனையேறிகளுக்குப் பனைவெல்லம்தான் மாற்று என்று காந்தியும் சொல்லிவந்தார். காதி இயக்கம் அதை ஒரு கிராமத் தொழிலாக எடுத்துக்கொண்டது. கள்ளுக்கும் பதநீருக்கும் இடையே சுண்ணாம்பு என்றால், பதநீருக்கும் வருமானத்துக்கும் இடையே இந்த அடுப்பு.

சமையலறையில் தொடங்க...

மரமும் வேண்டாம், விடிலியும் வேண்டாம், இந்தக் கைவேலையின் ருசியை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கும் குடும்பத்துக்கு ஒரு சின்னத் தொடக்கப் பெட்டி போதும். பாதிப் பொருட்கள் வீட்டிலேயே இருக்கும்.

அடி கனமான, வாய் அகன்ற எவர்சில்வர் அல்லது இரும்புப் பாத்திரம். அலுமினியம் கூடாது, பதநீரில் இருக்கும் சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். பதநீர் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிற்கக் கூடாது. மீதி இடம் பொங்குவதற்கு.

வடிகட்ட மெல்லிய பருத்தித் துணி. நீளக் காம்புள்ள மரக்கரண்டி. தண்ணீரில் ஊறவைத்த நான்கைந்து சிரட்டைகள்.

கொஞ்சம் மஞ்சள்தூள். இதுதான் பரிசோதனைக் கருவி. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்குமே, அதே வேதியியல். தட்டில் மஞ்சளைக் குழைத்துத் தடவி ஒரு சொட்டுப் பதநீர் விட வேண்டும். சிவந்தால் சுண்ணாம்பின் காரம் இன்னும் இருக்கிறது, பதநீர் புளிக்கத் தொடங்கவில்லை. மஞ்சளாகவே நின்றால் சுண்ணாம்பு குறைவு, அல்லது புளிப்பு ஏறிவிட்டது. நுரையும் புளித்த வாடையும் சேர்ந்திருந்தால் அதைக் காய்ச்சிப் பயனில்லை. கருப்பட்டி இறுகாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடமாகவும் காட்ட நினைத்தால் ஒரு கட்டு பி.எச். தாள் வாங்கலாம். 7-க்கு மேல் என்றால் காரம். கள் 4-க்குப் பக்கத்தில் நிற்கும்.

செய்முறை எளிது. காலையில் இறக்கிய பதநீர் 4 லிட்டர் வாங்கி அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் மிகுதியான சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டி அடுப்பில் ஏற்ற வேண்டும். பொங்கி வழியாமல் இருக்க விடிலியில் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவார்கள். பச்சை ஆமணக்கு விதையில் நஞ்சு உண்டு. வீட்டில் அது வேண்டாம், சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். முதல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் நீர் வற்றும். பிறகு தீயைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருண்டையாகத் திரள வேண்டும். அதுதான் பதம். வெப்பமானி இருந்தால் 115 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கவனமாக இருக்கலாம்.

நான்கு லிட்டருக்கு அரைக் கிலோவை எட்டினால் பெரிது. மூன்றரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, வீட்டு அடுப்பில் ஏறக்குறைய 400 கிராம் காஸ் செலவாகும். இதை ஒரு முறை செய்து பார்த்தவர் கடையில் கருப்பட்டி வாங்கும்போது கேள்வி கேட்பார். பதநீர் விலை, எரிபொருள், கூலி எல்லாம் சேர்ந்தும் சர்க்கரை விலைக்குப் பக்கத்தில் ஒரு கருப்பட்டி கிடைக்கிறது என்றால், அதற்குள் கலந்திருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான்.

இன்னொரு விஷயம். பதநீர் இயற்கையானது என்பதால் அளவில்லாமல் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. 200 மில்லி டம்ளரில் இருபது கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும்; ஐந்து டீஸ்பூன் அளவு. சர்க்கரை நோயாளிகளுக்கு இது பானம் இல்லை, இனிப்பு.

செய்யவே கூடாதவை

பதநீரை வாட்டர் பாட்டிலில் நிறைத்து, மூடியை இறுக்கி, வெயிலில் நிற்கும் காரில் வைக்கக் கூடாது. ராமேஸ்வரம் வந்து திரும்பும் பயணிகள் செய்யும் வழக்கமான தவறு இது. உள்ளே புளிக்கத் தொடங்கினால் கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் பாட்டில் உப்பும், கண்ணாடி என்றால் வெடிக்கும். பீர் பெட்டியின் மூடியில் அந்த வளைந்த குழாய் இருப்பதே வாயு வெளியேறத்தான். பனி வைத்த பெட்டியில், மூடியைத் தளர்த்தி எடுத்துப் போய் அன்றே காய்ச்சுவதோ குடிப்பதோதான் சரி.

வினிகர் செய்து பார்க்கலாமே என்று பதநீரைப் புளிக்க வைக்கவும் கூடாது. வினிகருக்கு முந்தைய படி கள். இடையில் ஒரு நாள் அது சட்டத்தின் கண்ணில் மதுதான்.

காய்ச்சி வடிப்பது பற்றி யோசிக்கவே கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராயத்துக்கு ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள்.

எப்போது, யாரிடம்?

மாசி, பங்குனியில் பாளை பக்குவமாகத் தொடங்கும். ஆடி வரை சீசன். தொழிலாகவே தொடங்க நினைப்பவர் தை மாதத்திலேயே மரம் பார்த்துக் குத்தகை பேசிவிட வேண்டும். இறக்கி விற்பதற்கான அனுமதி விவரங்களை உள்ளூர் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு. பனைமரத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. மரம் ஏறும் முன்பே அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும். விழுந்த பிறகு பதிவு செய்ய முடியாது.

சொந்த நிலத்தில் பனை இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. தமிழ்நாட்டின் மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ‘தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்பது பழமொழி. விதை ஊன்றி முதல் பாளை வரப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். இன்றைக்கு நிற்கும் மரம் தாத்தாவோ அவருக்கு முந்தியவரோ வைத்தது.

ஏறத் தெரியாதவர்கள் அந்த மரத்தை ஏறத் தெரிந்தவருக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாம். பங்குக்குப் பணமாக வாங்காமல் கருப்பட்டியாக வாங்கிக்கொள்ளலாம். மரமும் நிற்கும், ஒரு குடும்பத்துக்கு வேலையும் இருக்கும். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவக் கற்றுக்கொள்வார்கள். அந்த வேலைக்கு வயது வரம்பு இல்லை. தடவி முடித்ததும் கையை நன்றாகக் கழுவிவிட வேண்டும், கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது.